க்யூஜிஐஎஸ் ஏற மறுத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு ஏற்றியாயிற்று. வால்பேப்பர் மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது. க்யூஜிஐஎஸ்-ஐ மட்டும் காணோம். அல்லது இருந்தும் திறக்க மாட்டேன் என்கிறது. சரி, புதிதாக நிறுவிக்கொள்ளலாம் என்று டெர்மினலில் கட்டளையைத் தட்டினால் முழ நீளத்துக்குப் பிழைச் செய்தி. அதன் கடைசி வரியில், உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று குற்றச்சாட்டு வேறு.

நில அளவை, நீர்நிலை, வனம், நகரத் திட்டம் என்று எந்தத் துறையில் மேப் போடுகிறவர்களாக இருந்தாலும் இந்தத் திரையை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றே: பிழையின் ஒரு வரியை வெட்டி இணையத்தில் தேடி, முதலில் கிடைக்கும் கட்டளையை ஒட்டுவது. அது வேலை செய்யாது. அடுத்த கட்டளை. அதுவும் செய்யாது. ஐந்தாறு கட்டளைக்குப் பிறகு, முதலில் இருந்த சிக்கல் எது, நாமே சேர்த்த சிக்கல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலை.

இந்த வகைப் பிழைகளில் பத்துக்கு எட்டு ஒரே வேரிலிருந்து வருகிறவை என்பது என் எண்ணம். ஆகவே கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது: இந்த பேக்கேஜ் எங்கிருந்து வந்தது? (கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எதைத் தட்ட வேண்டும் என்று பிடிபட்டுவிடும்.)

முதலில் மேப் மென்பொருளுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி என்று பார்த்துவிடலாம். ஒரு வேர்ட் பிராசஸரோ வீடியோ பிளேயரோ இப்படிப் படுத்துவதில்லை. காரணம், க்யூஜிஐஎஸ் என்பது தனி மென்பொருள் இல்லை. பல தலைமுறை மென்பொருள்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு முகப்பு. க்யூஜிஐஎஸ்-ஐ கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கினார். அது கோப்புகளைப் படிக்க நம்பியிருக்கும் ஜிடால் நூலகத்தை ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் எழுதத் தொடங்கினார். அந்த ஜிடால், அட்சரேகை தீர்க்கரேகையைச் சமதளத்துக்கு மாற்ற நம்பியிருக்கும் ப்ராஜ் இன்னும் மூத்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஜெரால்ட் எவெண்டன் 1980-களில் எழுதியதில் வேர் கொண்டது. பலகோணம் பலகோணத்தை வெட்டுகிறதா என்று கணக்குப் போட ஜியோஸ். முகப்புக்கு க்யூட். ப்ளக்இன்களுக்குப் பைதான். பக்கத்தில் கிராஸ், போஸ்ட்ஜிஐஎஸ், ஆர் மொழியின் எஸ்எஃப் எல்லாம் அதே ஜிடாலையும் ப்ராஜையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றையும் வேறு வேறு குழு, வேறு வேறு கால அட்டவணையில் வெளியிடுகிறது. ஆக, ஜிடால் ஒரு படி ஏறினால் இத்தனையும் சேர்ந்து ஏறியாக வேண்டும்.

உபுண்டு 20.04-இல் இருந்தது லிப்ஜிடால்26. 22.04-இல் லிப்ஜிடால்30. 24.04-இல் லிப்ஜிடால்34டி64. ப்ராஜும் அப்படியே: 20.04-இல் லிப்ப்ராஜ்15, 22.04-இல் 22, 24.04-இல் 25. பெயரின் வாலில் இருக்கும் இந்த எண் அலங்காரத்துக்கு இல்லை. 26-ஐ நம்பிக் கட்டப்பட்ட மென்பொருள் 30-ஐ ஏற்காது. எண் மாறினால் உள்ளே இருக்கும் ஏற்பாடு மாறிவிட்டது என்று நூலகத்தை எழுதியவர்களே சொல்கிறார்கள். (ஜிடாலின் 3.4 பதிப்புக்கு 30 என்றும் 3.8-க்கு 34 என்றும் வால் எண் வைத்து, கண்ணைக் கட்டி விளையாடுவது தனிக் கதை.) அந்த டி64 என்ன என்று கேட்பவர்களுக்கு: 32 பிட்டில் நேரத்தைக் கணக்கிடும் முறை 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு தீர்ந்துபோகும். அதற்கு முன்னேற்பாடாக 2024-இல் டெபியனும் உபுண்டுவும் ஏராளமான நூலகப் பேக்கேஜ்களுக்கு மறுபெயரிட்டன. 24.04-க்குப் போனவர்கள் பழைய பெயரைத் தேடிக் காணாமல் விழிப்பது இதனால்தான்.

இப்போது அந்தப் பிழைச் செய்திக்கு வருவோம். உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்ற கடைசி வரியை முதலில் மறந்துவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் எதையும் பிடித்து வைத்திருக்க மாட்டீர்கள். சந்தேகமிருந்தால் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் என்று கேளுங்கள், ஒன்றும் வராது. ஆப்ட் தனக்கு வழி தெரியாதபோதெல்லாம் உதிர்க்கும் வாக்கியம் அது. செய்தி இருப்பது அதற்கு மேலே, டிபென்ட்ஸ் என்று தொடங்கும் வரிகளில். அந்த வரிகள் மூன்று விதமாக முடியும். மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் யாரும் பிரித்துப் படிப்பதில்லை. அங்கேதான் மொத்தத் துப்பும் இருக்கிறது.

முதல் விதம்: இன்ன பேக்கேஜ் தேவை, ஆனால் அது நிறுவத்தக்கதல்ல. இதற்குப் பொருள், அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் உங்கள் கணினிக்குத் தெரிந்த எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. 22.04-இல் உட்கார்ந்துகொண்டு லிப்ஜிடால்26 நிறுவத்தக்கதல்ல என்று வந்தால், 20.04-க்காகக் கட்டப்பட்ட க்யூஜிஐஎஸ்-ஐ எங்கிருந்தோ இழுக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். வேறு விளக்கம் அநேகமாகக் கிடையாது. இணையத்தில் லிப்ஜிடால்26-ஐத் தேடித் தரவிறக்கிக் கையால் ஏற்றுவது இதற்கு மருந்தில்லை. அது லிப்ப்ராஜ்15-ஐக் கேட்கும், அது வேறொன்றைக் கேட்கும். ஒரு பழைய உபுண்டுவையே துண்டு துண்டாகப் புதியதற்குள் குடியேற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாம் விதம்: இன்ன பேக்கேஜ் இன்ன பதிப்பு தேவை, ஆனால் இன்னொரு பதிப்பு நிறுவப்படவிருக்கிறது. இங்கே பேக்கேஜ் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக. இரண்டு களஞ்சியங்கள் ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்பை நீட்டுகின்றன.

மூன்றாம் விதம்தான் எரிச்சலூட்டுவது: இன்ன பேக்கேஜ் தேவை, ஆனால் அது நிறுவப்படப் போவதில்லை. ஏன் போவதில்லை? சொல்லாது. பேக்கேஜ் இருக்கிறது, அதற்கும் கீழே எங்கோ ஒரு முட்டுக்கட்டை. இதற்கு வழி, அந்தப் பேக்கேஜையே பெயர் சொல்லி நிறுவச் சொல்வது. அப்போது அது தனக்குக் கீழே இருக்கும் பிழையைக் காட்டும். அதன் பெயரைச் சொல்லி அடுத்தது. இப்படி இறங்கிக்கொண்டே போனால் எங்காவது முதல் விதமோ இரண்டாம் விதமோ வந்து நிற்கும். உண்மையான காரணம் அதுதான். ஆப்டிடியூட் வை-நாட் என்ற கட்டளை இந்த இறக்கத்தை ஒரே மூச்சில் செய்து தரும். ஆனால் ஆப்டிடியூட் முன்வைக்கும் தீர்வுகளை எச்சரிக்கையோடு படியுங்கள். முதல் யோசனையிலேயே பாதி டெஸ்க்டாப்பை நீக்கிவிடலாம் என்று பணிவோடு கேட்கும். நீக்கப்படும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்துகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

துப்புக் கிடைத்ததும் ஆப்ட்-கேச் பாலிசி என்று தட்டி, சிக்கலான பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். க்யூஜிஐஎஸ், லிப்ஜிடால், ஜிடால்-டேட்டா, ப்ராஜ்-டேட்டா, பைதான்3-ஜிடால் ஆகியவற்றைக் கேட்டால் போதும். எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது, எது ஏறக் காத்திருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று மொத்த வம்சாவளியையும் சொல்லும். முகவரிக்குப் பக்கத்தில் ஒரு முன்னுரிமை எண் இருக்கும். உபுண்டுவின் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்கும் 500, யாரோ ஒருவர் நடத்தும் தனிக் களஞ்சியமான பிபிஏ-வுக்கும் 500. இதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆப்டுக்கு இவர் பெரியவர், அவர் சிறியவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. எண் சமமாக இருந்தால் பதிப்பு எண் பெரிதாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். எப்போதோ வேறு எதற்கோ சேர்த்த பிபிஏ ஒன்று, புதிய ஜிடாலை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஜெயித்துவிடுவது இப்படித்தான். நட்சத்திரக் குறியிட்ட பதிப்புக்கு எதிரே இணைய முகவரி எதுவுமே இல்லாமல், உங்கள் கணினியின் டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் 100 என்ற எண்ணோடு நின்றால், அந்தப் பேக்கேஜ் அநாதை. பழைய உபுண்டுவிலிருந்து வந்து, கூட வந்தவர்களெல்லாம் போன பிறகும் தங்கிவிட்டது. நிறுவியவற்றின் பட்டியலில் லோக்கல் என்ற அடைமொழியோடு இருப்பவை எல்லாம் இந்த வகைதான். மேம்படுத்திய பிறகு இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது, எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கும் நல்லது.

இனி களஞ்சியங்கள். க்யூஜிஐஎஸ் திட்டமே தன் தளத்தில் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் களஞ்சியம் வைத்திருக்கிறது. அதில் பல கிளைகள். நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஒன்று, அண்மைப் பதிப்புக்கு ஒன்று. இவை போக, உபுண்டுஜிஐஎஸ் என்ற பிபிஏ-வின் புதிய நூலகங்களை நம்பிக் கட்டப்பட்ட கிளை தனி. குழப்பம் பிறக்கும் இடம் இந்தக் கடைசிக் கிளை. அதைச் சேர்த்தவர் பிபிஏ-வையும் சேர்த்தாக வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் நிறுவத்தக்கதல்ல என்ற பல்லவி தொடங்கிவிடும். எதிர்ப்பக்கத்திலும் அதே சங்கடம்: சாதாரணக் கிளையையும் வைத்துக்கொண்டு பிபிஏ-வையும் வைத்தால், க்யூஜிஐஎஸ் ஒரு ஜிடாலுக்காகக் கட்டப்பட்டது, கணினியில் ஏறுவது இன்னொன்று. அரை அங்குலக் குழாயில் முக்கால் அங்குல மூடியைத் திருகப் பார்க்கும் கதை. திருகு பிடிக்காமல் போனால் நல்லது. பிடித்ததுபோல் உட்கார்ந்து, தண்ணீர் திறந்ததும் கழன்றால்தான் வீடு நனையும்.

உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு ஏற்றும்போது அதன் மேம்படுத்தும் கருவி, வெளியார் களஞ்சியங்களை எல்லாம் முடக்கிவைக்கும். வரிக்கு முன்னால் ஒரு குறியிட்டு, மேம்படுத்தும்போது முடக்கப்பட்டது என்று ஓரத்தில் எழுதியும் வைக்கும். பலர் இதைப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களில் சிலர், பழைய குறிப்பேட்டிலிருந்து ஃபோகல் (20.04) என்ற பெயருள்ள வரியை ஜாமிக்குள் (22.04) மீண்டும் ஒட்டுகிறார்கள். டெபியனில் எல்லாமே கைவேலை. பிரதான கோப்பில் பெயரை மாற்றிவிட்டு, பக்கத்துக் கோப்புறையில் க்யூஜிஐஎஸ்-க்கென்று தனியாக இருக்கும் கோப்பை மறப்பது சர்வசாதாரணம். லினக்ஸ் மின்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு பொறி: தன் பதிப்புப் பெயர் என்ன என்று மின்டைக் கேட்டால் வெரா, விக்டோரியா என்று சொல்லும். அந்தப் பெயர்களில் க்யூஜிஐஎஸ் களஞ்சியத்தில் எதுவும் இல்லை. ரிலீஸ் கோப்பு இல்லை என்ற பிழை வரும். மின்ட் 21 வரிசைக்கு அடித்தளம் ஜாமி, 22-க்கு நோபிள் (உபுண்டு 24.04). அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும்.

சாவிச் சிக்கல் சிறியது. களஞ்சியத்தின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி காலாவதியானால் அல்லது மாறினால், பொதுச் சாவி இல்லை என்று ஆப்ட் சொல்லும். புதிய சாவியைத் திட்டத்தின் தளத்திலிருந்து இறக்கி, கீரிங்ஸ் கோப்புறையில் வைத்து, களஞ்சியக் கோப்பில் அதைச் சுட்டினால் முடிந்தது. பழைய பக்கங்கள் சொல்லும் ஆப்ட்-கீ முறையைக் கைவிட்டாயிற்று. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாவி பொருந்தாதபோது ஆப்ட் நின்றுவிடுவதில்லை. பழைய பட்டியலையே வைத்துக்கொள்கிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பிறகு நிறுவப் போனால் 404 வரும். பட்டியலில் இருக்கும் பதிப்பு அங்கே இல்லை, அதற்குப் பதில் புதியது வந்துவிட்டது. இணையம் சரியில்லை என்று ரூட்டரை அணைத்துப் போடுகிறவர்கள், அப்டேட் கட்டளை சற்று முன் என்ன முணுமுணுத்தது என்று மேலே உருட்டிப் பார்க்கலாம்.

ஒரு பேக்கேஜ் இன்னொரு பேக்கேஜின் கோப்பின்மேல் எழுதப் பார்க்கிறது என்று டிபிகேஜி தகராறு செய்வதும் உண்டு. இதுவும் இரண்டு மூலங்கள் கலந்ததன் விளைவே. ஒரு கோப்பை ஒரு களஞ்சியம் இந்தப் பேக்கேஜில் வைத்திருக்கும், இன்னொன்று அந்தப் பேக்கேஜில். இரண்டு பெயரும் பிழையிலேயே இருக்கும். பழைய மூலத்திலிருந்து வந்ததை நீக்கிவிட்டு, ஆப்டிடம் மிச்சத்தைச் சீர்செய்யச் சொன்னால் சரியாகும். வலுக்கட்டாயமாக மேலே எழுதச் சொல்லும் விருப்பம் ஒன்றும் இருக்கிறது. மேப் மென்பொருளில் அதைத் தொடாதீர்கள். கலப்பை நிரந்தரமாக்குவதுதான் அது செய்யும் வேலை.

கிராஸ் ப்ளக்இன்னைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. க்யூஜிஐஎஸ்-இன் கிராஸ் ப்ளக்இன் பேக்கேஜ், ஏதோ ஒரு கிராஸ் இருந்தால் போதும் என்று கேட்காது. கட்டப்பட்டபோது இருந்த அதே கிராஸ் பதிப்பைத்தான் கேட்கும். பிழையில் கிராஸ் என்ற பெயரோடு மூன்று இலக்க எண் ஒட்டிக்கொண்டு வந்தால் அது இதுதான். கிராஸ் ஒரு புள்ளி ஏறினால் ப்ளக்இன்னை மறுபடி கட்டி வெளியிடும்வரை அது ஏறாது. கிராஸ் உங்கள் அன்றாட வேலையில் இல்லையென்றால் ப்ளக்இன் பேக்கேஜை விட்டுவிட்டு க்யூஜிஐஎஸ்-ஐ மட்டும் நிறுவுங்கள். ஒரு உதிரிக்காக மொத்த வேலையும் நிற்க வேண்டியதில்லை.

இத்தனையும் கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது எளிது. முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எந்த மூலம்? உபுண்டு 22.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் க்யூஜிஐஎஸ் 3.22 இருக்கிறது, 24.04-இல் 3.34. இரண்டுமே நீண்டகால ஆதரவுப் பதிப்புகளாக வந்தவை. புதிய பதிப்பின் குறிப்பிட்ட வசதி ஏதும் தேவைப்படாதவருக்கு இதுவே போதும் என்பேன். நண்பர்கள் திட்டுவார்கள், பழையதைப் பிடித்துத் தொங்குகிறாய் என்று. திட்டட்டும்; ஜூன் மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டியவருக்கு ஐகான் புதிதாக இருப்பதா முக்கியம்? புதியது வேண்டுமென்றால் க்யூஜிஐஎஸ் திட்டத்தின் களஞ்சியம், அதில் சாதாரணக் கிளை. உபுண்டுஜிஐஎஸ் பிபிஏ, புதிய ஜிடால் எதற்கு என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு.

முடிவெடுத்ததும் மற்ற மூலங்களை விலக்குங்கள். களஞ்சிய வரியை நீக்குவதோடு வேலை முடியாது. அதிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்ட பேக்கேஜ்கள் அங்கேயே இருக்கும். பிபிஏ-பர்ஜ் என்ற கருவி, குறிப்பிட்ட பிபிஏ-விலிருந்து வந்தவற்றை எல்லாம் அதிகாரபூர்வப் பதிப்புக்கு இறக்கிவிடும். மிச்சமிருக்கும் அநாதைகளைப் பெயர் சொல்லி நீக்க வேண்டும். பிறகு அப்டேட், பிறகு நிறுவல். இந்த வரிசை முக்கியம். பலர் நிறுவலில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறார்கள்.

நிறுவியாயிற்று, திறந்தால் பைதான் பிழை. இது வேறு அடுக்கு. ஆப்டுக்குத் தெரியாத வழியாக, பிப் மூலம் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் நுழைந்தவை. ஏதோ ஒரு ப்ளக்இன் கேட்டதென்று பிப் கொண்டு ஒரு பேக்கேஜை நிறுவியிருப்பீர்கள். அது தன்னோடு நம்பை-யையும் ஒரு படி ஏற்றியிருக்கும். பைதான், வீட்டுக் கோப்புறையில் இருப்பதைக் கணினியின் பொதுக் கோப்புறையில் இருப்பதற்கு முன்னதாக எடுத்துக்கொள்ளும். ஜிடாலின் பைதான் இணைப்போ பழைய நம்பை-க்காகக் கட்டப்பட்டது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது இந்தக் காரணத்தால் விழுந்த க்யூஜிஐஎஸ்-கள் கொஞ்சமல்ல. நம்பை 1-இல் கட்டப்பட்ட தொகுதி 2-இல் ஓடாது என்று செய்தியிலேயே இருக்கும். யார் காரணம் என்று உறுதிசெய்ய, பைதான்நோயூசர்சைட் என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, டெர்மினலிலிருந்து க்யூஜிஐஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்கிறார். ப்ளக்இன் மேல் சந்தேகமென்றால் நோப்ளக்இன்ஸ் விருப்பத்தோடு திறக்கலாம், அல்லது புதிய ப்ரொஃபைல் ஒன்றில் திறக்கலாம். எதையும் அழிக்காமல் உறுதிசெய்யும் வழிகள் இவை.

பைதானும் மேம்பாட்டோடு மாறுகிறது: 20.04-இல் 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. 3.8-க்காக வீட்டுக் கோப்புறையில் நிறுவியவை 3.10-க்குத் தெரியாது. ப்ளக்இன் தன் தொகுதியைக் காணோம் என்று சொல்வது பெரும்பாலும் இதனால். 3.12-இலோ இம்ப், டிஸ்ட்யூடில்ஸ் ஆகிய பழைய தொகுதிகளையே பைதான் நீக்கிவிட்டது. அவற்றை நம்பிய ப்ளக்இன்கள், எழுதியவர் திருத்தும்வரை ஓடாது. மறுபடி மறுபடி நிறுவுவதில் பயனில்லை.

24.04-இல் பிப்பைத் தொட்டாலே, இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லித் தடுக்கும். தடையை மீற ஒரு விருப்பம் இருக்கிறது; அதன் பெயரே கணினியின் பேக்கேஜ்களை உடை என்பதுதான். அப்படியிருந்தும் அதைக் கூசாமல் ஒட்டுகிறார்கள். மெய்நிகர் சூழல் ஒன்றை, கணினியின் பொதுப் பேக்கேஜ்களையும் பார்க்கும் விருப்பத்தோடு உருவாக்கிக்கொண்டால் க்யூஜிஐஎஸ்-இன் பைதான் தொகுதிகளும் தெரியும், உங்கள் புதுச் சரக்கும் தனியாக இருக்கும். ஜிடாலைப் பிப் வழியே நிறுவியே ஆகவேண்டுமென்றால், ஜிடால்-கான்ஃபிக் சொல்லும் பதிப்பெண்ணை அப்படியே கொடுங்கள். எண் சொல்லாமல் விட்டால் பிப் கடைசிப் பதிப்பை எடுக்கும். அது உங்கள் கணினியில் இருக்கும் நூலகத்தோடு பொருந்தாமல் சி++ பிழைகளாகக் கொட்டும்.

ஆர் மொழிக்காரர்களுக்கு: லிப்ஜிடாலின் 26-ஆம் எண் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று எஸ்எஃப் சொன்னால், எஸ்எஃப்-ஐப் புதிய ஜிடாலுக்கு எதிராக மறுபடி கட்டினால் போதும். 30-ஆம் எண் கோப்புக்கு 26 என்று இணைப்பு வைத்து ஏமாற்றும் யோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏமாறுவது ஆர் அல்ல. ஆர்ஜிடாலை இன்னும் தேடிக்கொண்டிருந்தால், அதை 2023 அக்டோபரில் ஓய்வுபெறச் செய்துவிட்டார்கள்; எஸ்எஃப், டெர்ராவுக்கு மாறுவதுதான் வழி.

பிழையே வராமல் தவறாக ஓடும் நிலை ஒன்று உண்டு. எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். 2019-இல் வந்த ப்ராஜ் 6, ஆயத்தொலை முறைகளின் பட்டியலை எழுத்துக் கோப்பிலிருந்து ப்ராஜ்.டிபி என்ற தரவுத்தளத்துக்கு மாற்றியது. மென்பொருள் அந்தத் தரவுத்தளத்தைத் தேடும்போது, ப்ராஜ்_லிப் என்ற சூழல் மாறி எங்கே சுட்டுகிறதோ அங்கே போகும். (ப்ராஜ் 9.1-இலிருந்து அதன் பெயர் ப்ராஜ்_டேட்டா.) விண்டோஸில் போஸ்ட்ஜிஐஎஸ் நிறுவியிருந்தால் அந்த மாறியைத் தன் கோப்புறைக்குத் திருப்பியிருக்கும், லினக்ஸில் கோண்டா அதைச் செய்யும். உடனே, தரவுத்தள அமைப்பின் எண் இத்தனை இருக்க வேண்டும், இத்தனைதான் இருக்கிறது, இது வேறொரு ப்ராஜ் நிறுவலிலிருந்து வந்தது என்று செய்தி. இவ்வளவு தெளிவாகக் காரணத்தைச் சொல்லும் பிழை அபூர்வம். அந்த மாறியை நீக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் செய்தி ஏதோ ஒரு பதிவுக் கோப்புக்குள் போய் ஒளிந்துகொண்டால், அடுக்குகளுக்கு ஆயத்தொலை முறை தெரியவில்லை என்று மட்டும் திரையில் காட்டும். அப்போதுதான் ஆளாளுக்கு ஒரு முறையைக் கைபோன போக்கில் தேர்ந்தெடுத்து, ஏரியை ஊருக்குள் நகர்த்திவிடுகிறார்கள்.

ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்ததும் தெரிந்த ஓர் இடத்தை வைத்துச் சோதியுங்கள். மதுரையை எடுத்துக்கொள்வோம்: அட்சரேகை 9.92, தீர்க்கரேகை 78.12. சிஎஸ்2சிஎஸ் கருவியிடம் 4326-இலிருந்து 32644-க்கு மாற்றச் சொன்னால் கிழக்கு மதிப்பு சுமார் 1,84,000 மீட்டர், வடக்கு மதிப்பு சுமார் 10,98,000 மீட்டர் வர வேண்டும். மதுரை 78 பாகைக் கோட்டுக்குச் சற்றே கிழக்கே இருப்பதால் 44-ஆம் மண்டலம். கோவை அந்தக் கோட்டுக்கு மேற்கே, அங்கே 32643 போட வேண்டும். இன்னொன்று: ப்ராஜ் 6-க்குப் பிறகு இந்தக் கருவி 4326-க்கு அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கிறது. பழைய பழக்கத்தில் தீர்க்கரேகையை முதலில் கொடுத்தால் மதுரை ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். பழைய ஸ்கிரிப்ட்கள் வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். நிறுவலில் கோளாறு இல்லாமலே விடை கோளாறாகும் இடம் இது.

போஸ்ட்ஜிஐஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தனிப் பதிவுக்குரிய விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். உபுண்டு 20.04-இல் போஸ்ட்கிரெஸ் 12, 22.04-இல் 14, 24.04-இல் 16. மேம்படுத்தியதும் பழைய தரவுத்தளம் பழைய போஸ்ட்கிரெஸிலேயே இருக்கும், புதியது காலியாகப் பக்கத்தில் ஓடும். பழையதற்கான போஸ்ட்ஜிஐஎஸ் பேக்கேஜ் புதிய உபுண்டுவில் கிடையாது. அநாதைகளைக் களையெடுக்கும் உற்சாகத்தில் அதையும் நீக்கிவிட்டால், போஸ்ட்ஜிஐஎஸ்-3 கோப்பை அணுக முடியவில்லை என்று தரவுத்தளம் கைவிரிக்கும். மேம்படுத்துவதற்கு முன்பே டம்ப் எடுத்து வேறு வட்டில் வைத்துவிடுங்கள். டம்ப் இல்லாதவர்கள், தரவை மாற்றி முடிக்கும்வரை ஆட்டோரிமூவ் கட்டளையின் பக்கமே போக வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு தீராவிட்டால் யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும். கேட்கும்போது பிழையின் கடைசி வரியை மட்டும் ஒட்டாமல், எந்த உபுண்டுவிலிருந்து எதற்கு வந்தீர்கள், க்யூஜிஐஎஸ்-க்கும் லிப்ஜிடாலுக்கும் ஆப்ட்-கேச் பாலிசி என்ன சொல்கிறது, களஞ்சியக் கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். படமாக வேண்டாம், எழுத்தாக. கைப்பேசியில் சாய்வாக எடுத்த திரைப் படத்திலிருந்து பதிப்பெண்ணைப் படிக்க யாருக்கும் கண் இல்லை.